கத்தியது பெல்ட் மட்டுமல்ல: கைமாறி வந்த காரில் ஐடிலிங் உதறலும் கீச்சொலியும்

நான்கு சிலிண்டர், 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், ஓடியது 1,10,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். கைமாறி வந்த வண்டி. வாங்கியவர் சொன்ன குறை இரண்டு. சிக்னலில் நிற்கும்போது, அதாவது ஐடிலிங்கில், வண்டி உதறுகிறது. பானெட்டுக்குள்ளிருந்து கீச்சென்று சத்தம் வருகிறது. ஓட்டும்போது ஒன்றும் தெரிவதில்லை, இழுவையும் குறையவில்லை, மைலேஜ் மட்டும் கொஞ்சம் இறங்கின மாதிரி இருக்கிறது என்றார்.

முன்பு பார்த்த ஒர்க்‌ஷாப்பில் பிளக் நான்கையும் மாற்றியிருந்தார்கள். பெல்ட்டும் புதிது. கொஞ்ச நாள் சும்மா இருந்த சத்தம் திரும்பி வந்ததும் பெல்ட்டின் மேல் ஸ்ப்ரே அடித்து அனுப்பியிருக்கிறார்கள். அதற்கும் நிற்காததால் அடுத்து இன்ஜெக்டர் (பெட்ரோலைப் பீய்ச்சும் பாகம்) கிளீனிங், அப்புறம் டைமிங் செயின் என்று வரிசை போட்டுக் கொடுத்திருந்தார்கள்.

"பெல்ட் புதுசுண்ணே, மாத்தி ஒரு மாசம்கூட ஆகல. அதுவா கத்தும்?"

கேள்வி நியாயமானது. ஆமாம், அதுவும் கத்தியது. ஆனால் கூடவே இன்னொன்றும் கத்திக்கொண்டிருந்தது, பெல்ட் கெட்டதே அந்த இன்னொன்றால்தான்.

ஆறின எஞ்சினில் தொடங்கியது

இந்த மாதிரிப் புகாருக்கு வண்டியை முந்தின இரவே கொண்டுவந்து விட்டுவிடச் சொல்வது வழக்கம். ஓட்டி வந்த சூட்டோடு பானெட்டைத் திறந்தால் பாதி அறிகுறி மறைந்துபோயிருக்கும். காலையில் ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டார்ட் செய்ய வேண்டும், இன்னொருவர் வெளியே நின்று கேட்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆன கணத்திலேயே பெல்ட் பக்கத்திலிருந்து கூர்மையாக ஒரு கீச்சொலி. அரை நிமிடத்துக்குள் அடங்கிவிட்டது. ஹெட்லைட், பின் கண்ணாடி ஹீட்டர், புளோயர் எல்லாவற்றையும் ஒன்றாகப் போடச் சொன்னேன், உடனே திரும்பக் கத்தியது. அணைத்தால் நின்றது. ஸ்டார்ட் செய்தபோது பேட்டரியில் செலவானதை ஆல்டர்னேட்டர் திரும்ப ஏற்றிக்கொண்டிருக்கும். அதோடு லைட்டும் ஹீட்டரும் சேர்ந்தால் ஆல்டர்னேட்டர் புல்லியைச் சுற்றுவது கடினமாகிறது, பிடிப்பு போதாத பெல்ட் வழுக்குகிறது. மின்சுமையோடு ஏறி இறங்கும் சத்தம் என்றால் பெல்ட் வரிசையில்தான் தேட வேண்டும்.

எஞ்சின் நன்றாகச் சூடேறி, ரேடியேட்டர் ஃபேன் ஒருமுறை ஓடி நின்ற பிறகு வேறொரு சத்தம் ஆரம்பித்தது. பலூன் வாயை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்துக் காற்றை விட்டால் வருமே, அப்படி. லைட்டைப் போட்டாலும் அணைத்தாலும் அதில் மாற்றமே இல்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் தொட்டவுடன் நின்றது. காலை எடுத்ததும், ஆர்.பி.எம். இறங்கும் அந்த ஒன்றிரண்டு விநாடி முன்னைவிட உரக்கக் கத்திவிட்டு, ஐடிலிங்கில் பழைய அளவுக்கு வந்து நின்றது.

வண்டிக்காரர் இரண்டையும் ஒரே சத்தமாகத்தான் சொல்லியிருந்தார், ஒர்க்‌ஷாப்பிலும் ஒன்றாகவே எடுத்துக்கொண்டார்கள். அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்ளே உட்கார்ந்து கேட்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் கேட்கும். வெளியே நின்று கேட்டால் ஒன்று மின்சுமைக்கேற்ப மாறுகிறது, மற்றது த்ராட்டிலுக்கேற்ப (ஆக்ஸிலரேட்டர் திறந்து மூடும் காற்றுக் கதவு) மாறுகிறது என்பது தெரிந்துவிடும். த்ராட்டிலைத் திறந்தால் நின்றுபோகிற சத்தம் என்றால் முதல் சந்தேகம் வேக்கத்தின் (உறிஞ்சல்) மேல் போக வேண்டும். ஐடிலிங்கில் த்ராட்டில் கிட்டத்தட்ட மூடியிருக்கும், அதற்குப் பின்னால் இன்டேக் மேனிஃபோல்டில் (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) உறிஞ்சல் பலமாக இருக்கும். திறந்தால் உறிஞ்சல் விழுந்துவிடும். வேகத்தில் ஓடும் எஞ்சினில் திடீரென்று காலை எடுக்கும்போதுதான் உறிஞ்சல் எல்லாவற்றையும்விட அதிகம். இந்தச் சத்தம் அந்த ஏற்ற இறக்கத்தை அப்படியே பின்தொடர்ந்தது.

ஸ்கேனரில் கோடு இல்லை, விஷயம் இருந்தது

செக் எஞ்சின் விளக்கு எரியவில்லை. சேமித்து வைத்த கோடும் (குறையைக் குறிக்கும் எண், code) இல்லை. ஆனால் ரெடினெஸ் மானிட்டர்களில் (எஞ்சின் கம்ப்யூட்டரின் சுயசோதனைகள், கோடை அழித்தால் முதலிலிருந்து தொடங்கும்) பாதி முடியாமல் கிடந்தன. கோடுகளை அழித்த பிறகு ஓடிய தூரம் என்று ஒரு கணக்கு ஸ்கேனரில் வரும், அது 100 கிலோமீட்டரைக்கூடத் தொடவில்லை. கொஞ்ச நாளைக்கு முன்னால் யாரோ கோடை அழித்திருக்கிறார்கள். பெண்டிங் பகுதியில் (இன்னும் உறுதியாகாத கோடுகள்) ஒன்று மட்டும் திரும்ப முளைத்திருந்தது: பி0171, அதாவது பேங்க் 1-ல் (முதல் சிலிண்டர் வரிசை) கலவை மெலிவு. காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு.

இந்த இரண்டில் எது என்பதைச் சொல்வது ஃப்யூல் ட்ரிம். சைலன்ஸர் வழியில் இருக்கும் ஆக்சிஜன் சென்சாரைப் பார்த்து, எஞ்சின் கம்ப்யூட்டர் பெட்ரோல் அளவைக் கூட்டியும் குறைத்தும் சரிக்கட்டுகிறது. அந்தக் கூட்டல் கழித்தலைச் சதவீதமாகக் காட்டுவதுதான் ட்ரிம். சூடான எஞ்சினில், ஐடிலிங்கில் நீண்டகால ட்ரிம் +17, குறுகியகால ட்ரிம் +5-க்கும் +9-க்கும் நடுவில் அலைந்தது. கூட்டினால் 25-ஐ ஒட்டி வருகிறது. பொதுவாக மொத்தம் பத்துக்குள் இருந்தால் கவலைப்பட வேண்டியதில்லை. இது அதைத் தாண்டி வெகு தூரம் போயிருந்தது.

ஆர்.பி.எம்.-ஐ 2,500-ல் பிடித்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் மொத்த ட்ரிம் +6-க்கு இறங்கிவிட்டது. இந்த நோயறிதலில் பாதி வேலை இந்த ஓர் அளவில் முடிந்தது என்றே சொல்வேன். ஓட்டை வழியாக உள்ளே வரும் காற்று ஏறக்குறைய ஓர் அளவுதான். ஐடிலிங்கில் எஞ்சின் குடிக்கும் மொத்தக் காற்றே கொஞ்சம் என்பதால் அந்தத் திருட்டுக் காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். ஆர்.பி.எம். ஏறினால் மொத்தம் பெருகுகிறது, உறிஞ்சலும் குறைகிறது, பங்கு சுருங்கிவிடுகிறது. பெட்ரோல் பம்ப் பலவீனமாக இருந்தாலோ ஃபில்டர் அடைத்திருந்தாலோ கதை நேர்மாறு. ஐடிலிங்கில் சமாளித்துவிடும், வேகம் ஏற ஏற ட்ரிம் ஏறும். ஆக இன்ஜெக்டர் கிளீனிங் என்ற யோசனை இங்கேயே அடிபட்டுப் போகிறது.

ஏர் ஃப்ளோ சென்சாரும் இதையே சொன்னது. இந்த அளவு எஞ்சின் சூடான ஐடிலிங்கில் விநாடிக்கு 2 முதல் 2.5 கிராம் வரை காற்று இழுக்கும். சென்சார் காட்டியது 1.5. எஞ்சின் ஓடத் தேவையான மீதிக் காற்று சென்சாரைக் கடக்காமல் வேறு எங்கிருந்தோ வருகிறது.

மிஸ்ஸிங் (சிலிண்டரில் எரிதல் தவறுவது) கணக்கையும் பார்த்தேன். எந்த ஒரு சிலிண்டரும் தனியாக மாட்டவில்லை, நான்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதறிக் கிடந்தது. ஒரே சிலிண்டரில் குவிந்திருந்தால் அதன் காயிலை (பிளக்குக்கு மின்சாரம் கொடுப்பது) பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டு, மிஸ்ஸிங்கும் கூடவே போகிறதா என்று பார்ப்போம். நான்கும் சேர்ந்து தடுமாறினால் நான்குக்கும் பொதுவான எதுவோதான் கெட்டிருக்கிறது. புது பிளக் நான்கும் இந்த வண்டிக்கு ஒன்றும் செய்யாமல் போனதில் ஆச்சரியமில்லை.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். ஏர் ஃப்ளோ சென்சார் இல்லாமல், மேனிஃபோல்ட் அழுத்தத்தை மட்டும் வைத்துக் கணக்கிடுகிற எஞ்சின்களில் இந்த ட்ரிம் பாடம் அப்படியே செல்லாது. அங்கே திருட்டுக் காற்று வந்தாலும் அழுத்தம் ஏறிக் கணக்கில் சேர்ந்துவிடும். கலவை பெரிதாக மெலியாது, ஐடிலிங் ஆர்.பி.எம்.தான் ஏறி நிற்கும். எந்த வகை எஞ்சின் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எண்களைப் படிக்க வேண்டும்.

பெல்ட் வரிசை

காதுக்கு எட்டிய முதல் சத்தத்தையும் விட்டுவிடக் கூடாது. எஞ்சின் ஓடும்போதே பெல்ட்டின் ரிப் (நீளவாக்கில் ஓடும் வரிமேடு) பக்கத்தில் ஸ்ப்ரே பாட்டிலால் தண்ணீர் பீய்ச்சினேன். தண்ணீர் பட்டதும் சத்தம் கொஞ்ச நேரம் அடங்கித் திரும்பினால் பெரும்பாலும் புல்லிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை என்று அர்த்தம். தண்ணீர் பட்டதும் இன்னும் உரக்கக் கத்தினால் இறுக்கம் போதவில்லை, வழுக்குகிறது. இங்கே உரக்கக் கத்தியது.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரைப் பார்த்தால் அதன் கை நிலையாக நிற்காமல் படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது. இதில் டென்ஷனருக்கு ஒரு பங்கு, ஐடிலிங் உதறலுக்கு ஒரு பங்கு. மிஸ்ஸிங் அடிக்கும் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டன்கள் சுற்றிவிடும் தண்டு) ஒரே வேகத்தில் சுற்றாது. ஒவ்வொரு தடுமாற்றமும் பெல்ட்டைச் சுண்டிவிடும், அந்த அடியை வாங்குவது டென்ஷனரின் ஸ்பிரிங். நாளடைவில் அது தளர்ந்துபோகிறது. உதறல் ஒரு குறை, சத்தம் வேறொரு குறை என்று பிரித்துப் பில் போட்டிருந்தார்கள். இரண்டுக்கும் நடுவே இப்படி ஒரு பாலம் இருப்பதை யாரும் பார்க்கவில்லை.

எஞ்சினை நிறுத்திப் பெல்ட்டைக் கழற்றினேன். புது பெல்ட்தான், ரிப் தேய்மானம் இல்லை. (இப்போதைய பெல்ட்டுகள் பெரும்பாலும் இ.பி.டி.எம். ரப்பர். பழைய நியோப்ரீன் பெல்ட் போல வெடிப்பு விட்டு வயதைக் காட்டாது, ரிப்புகளுக்கு நடுவில் உள்ள பள்ளம் அகலமாகிக்கொண்டே போகும். வெடிப்பு இல்லை, நல்ல பெல்ட் என்று சொன்னால் நம்ப வேண்டாம்.) ஆனால் உள்பக்கம் விரலால் தடவினால் பிசுபிசுவென்று ஒட்டியது. பாதி அந்த ஸ்ப்ரேயின் வேலை. பெல்ட் ஸ்ப்ரே எதையும் குணப்படுத்துவதில்லை, சத்தத்தைச் சில நாள் மூடி வைத்துவிட்டுப் புழுதியைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். மீதிப் பாதி எண்ணெய். கிராங்க் புல்லியின் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தபோது, முன் ஆயில் ஸீலைச் சுற்றி ஈரமாக ஒரு வளையம், அங்கிருந்து விசிறி மாதிரி சிதறின கறை. எண்ணெய் குடித்த பெல்ட் எவ்வளவு புதிதானாலும் வழுக்கும்.

பெல்ட்டுக்கு வழிகாட்டும் ஐட்லர் புல்லியைக் கையால் சுற்றினேன். லேசான எதிர்ப்போடு சுற்றிச் சீக்கிரம் நின்றது, நல்லது. உள்ளே கிரீஸ் காய்ந்த பேரிங் என்றால் சரசரவென்ற ஓசையோடு வெகுநேரம் சுற்றிக்கொண்டிருக்கும். அது வழுவழுப்பாகச் சுற்றுகிறது என்று பலர் ஏமாறுவது இங்கேதான். வாட்டர் பம்ப், ஆல்டர்னேட்டர், ஏ.சி. புல்லி மூன்றிலும் ஆட்டமோ கரகரப்போ இல்லை.

பிறகு பெல்ட் இல்லாமலே எஞ்சினை ஸ்டார்ட் செய்தேன். வாட்டர் பம்ப் பெல்ட்டில் ஓடும் எஞ்சின்களில் இதை ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிட வேண்டும், தண்ணீர் சுற்றாது. பேட்டரி விளக்கு எரியும், எரியட்டும். எஞ்சின் சூடாக இருந்தது. பலூன் சத்தம் அப்படியே கேட்டது.

அந்த ஒரு நிமிடத்தில் ஆல்டர்னேட்டர், வாட்டர் பம்ப், ஏ.சி. கம்ப்ரஸர், ஐட்லர், டென்ஷனர் என்று ஐந்து உதிரிப் பாகங்கள் அந்தச் சத்தத்தின் சந்தேகப் பட்டியலிலிருந்து விடுபட்டன.

டிப்ஸ்டிக்கை இழுத்ததும்

பெல்ட்டைத் தற்காலிகமாக மாட்டிவிட்டு, எஞ்சின் ஐடிலிங்கில் ஓட ஓட டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஒரு விரற்கடை மேலே இழுத்தேன். சத்தம் வெட்டினாற்போல் நின்றது. உள்ளே அழுத்தினேன், இரண்டு விநாடியில் திரும்ப வந்தது.

அடுத்து ஆயில் ஊற்றும் மூடி. திருகு முழுக்கத் தளர்ந்த பிறகும் மூடி கைக்கு வரவில்லை, உள்ளிருந்து பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. வலுவாக இழுத்துத் திறந்ததும் புஸ்ஸென்று காற்று உள்ளே போனது, எஞ்சின் அணைகிற அளவுக்குத் தடுமாறியது. இங்கே ஒரு ஜாக்கிரதை வேண்டும். மூடியைத் திறந்தால் ஐடிலிங் கொஞ்சம் மாறுவது பல நல்ல எஞ்சின்களிலும் உண்டு, அதை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. மூடி கைக்கு வர மறுப்பதும், திறந்தவுடன் கீச்சொலி நிற்பதும் சேர்ந்து வந்தால் விஷயம் வேறு.

எஞ்சினுக்குள் எரியும் வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டிக் கீழே கிராங்க் கேஸுக்கு (கிராங்க் சுழலும் அடிப்பகுதி) வந்துவிடும். அதைத் திரும்ப இன்டேக்கில் சேர்த்து எரித்துவிடுவதுதான் பி.சி.வி. அமைப்பு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கார்களில் முதலில் வந்த மாசுக் கட்டுப்பாட்டு ஏற்பாடு இது. பழைய எஞ்சின்களில் இதற்கு ஒரு சின்ன வால்வு, குலுக்கினால் கடகடவென்று சத்தம் வரும், கெட்டால் மாற்றிவிடலாம். இந்த எஞ்சினில் வால்வு கவரின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே அது அடக்கம். வட்டமான ஒரு மூடிக்கு அடியில் மெல்லிய ரப்பர் டயாஃப்ரம், கீழே ஒரு ஸ்பிரிங். டயாஃப்ரத்தின் ஒரு பக்கம் கிராங்க் கேஸ். மறுபக்கம் வெளிக்காற்று, அது மூடியில் இருக்கும் ஊசித் துளை வழியாக வரும். இன்டேக் பலமாக உறிஞ்சும்போது டயாஃப்ரம் இழுபட்டுப் பாதையைச் சுருக்கும். அதனால் கிராங்க் கேஸுக்குள் எப்போதும் லேசான உறிஞ்சல் மட்டுமே இருக்கும்.

ஆண்டுக்கணக்கில் சூட்டிலும் எண்ணெய்ப் புகையிலும் கிடந்து அந்த ரப்பர் இறுகி ஒருநாள் கிழிகிறது. கிழிந்ததும் இரண்டு காரியம் ஒன்றாக நடக்கும். ஊசித் துளை வழியாக வெளிக்காற்று நேராக இன்டேக்குக்குள் போகும், ஏர் ஃப்ளோ சென்சாருக்குத் தெரியாமல். அதுதான் +25. பாதையைச் சுருக்க ஆள் இல்லாததால் மேனிஃபோல்டின் முழு உறிஞ்சலும் கிராங்க் கேஸுக்குள் இறங்கும். அப்போது வெளிக்காற்று எங்கே இடுக்கு கிடைத்தாலும் உள்ளே நுழையப் பார்க்கும், ஆயில் ஸீலின் மெல்லிய உதடு உட்பட. அந்த உதடு அதிர்வதும் துளையில் காற்று பாய்வதும்தான் நாம் கேட்ட சத்தம்.

மூடியின் ஊசித் துளையைக் கண்டுபிடித்து விரல் நுனியை வைத்தேன். விரலைப் பிடித்து இழுத்தது. சத்தத்தின் சுருதி மாறியது, ஆர்.பி.எம். ஆட்டமும் கொஞ்சம் குறைந்தது. டயாஃப்ரம் நன்றாக இருந்தால் அந்தத் துளையில் தொடர்ந்து உறிஞ்சல் இருக்க வழியே இல்லை.

வேறு ஓட்டை எதுவும் கூடவே இல்லை என்று உறுதி செய்வதும் முக்கியம். இன்டேக்கைப் புகைக் கருவியோடு இணைத்துக் குறைந்த அழுத்தத்தில் புகை விட்டபோது, அந்த ஊசித் துளையிலிருந்து நூல் மாதிரி புகை எழுந்தது. மேனிஃபோல்ட் கேஸ்கெட், பிரேக் பூஸ்டர் ஹோஸ், பர்ஜ் வால்வு எங்கும் கசிவு இல்லை. புகைக் கருவி இல்லாதவர்கள் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சித் தேடுவார்கள். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கிற சமாச்சாரம், நான் செய்வதில்லை.

கிராங்க் கேஸ் உறிஞ்சலை அளக்க, தண்ணீர் ஊற்றிய 'யு' வடிவக் குழாயை டிப்ஸ்டிக் வழியில் மாட்டும் பழக்கமும் உண்டு. நல்ல எஞ்சினில் துல்லியமாக அளக்க அது போதும். மூடியே கைக்கு வராத எஞ்சினில் அதை மாட்டினால் குழாயிலிருக்கும் தண்ணீர் முழுவதும் ஆயிலுக்குள் போய்விடும். இங்கே வேக்கம் கேஜ்தான் சரி.

ஒன்று கெட்டு மற்றொன்றைக் கெடுத்த வரிசை

எல்லாவற்றையும் அடுக்கிப் பார்த்தால் நடந்தது இதுதான். முதலில் டயாஃப்ரம் கிழிந்தது, ஐடிலிங் உதற ஆரம்பித்தது. அளவுக்கு மீறின உறிஞ்சலில் முன் ஆயில் ஸீலின் உதடு உள்ளே இழுபட்டுத் தேய்ந்தது. எஞ்சின் ஐடிலிங்கில் இருக்கும்வரை அங்கே காற்று உள்ளேதான் போகும், எண்ணெய் வெளியே வராது. வண்டியை அழுத்தி ஓட்டும்போதும் நிறுத்திய பிறகும் உறிஞ்சல் விலகிவிடும், தேய்ந்த உதட்டைத் தாண்டி எண்ணெய் கசியும். கசிந்தது கிராங்க் புல்லியில் பட்டுப் பெல்ட்டுக்கு ஏறியது. மறுபக்கம் உதறலால் டென்ஷனர் தளர்ந்தது. பெல்ட் வழுக்கிக் கத்தியது. புது பெல்ட் போட்டார்கள். கசிவு அப்படியே இருந்ததால் அதுவும் சீக்கிரமே எண்ணெய் குடித்தது.

எப்போது எது நடந்தது என்பதற்குத் தேதி போட்ட சாட்சி கிடையாது. ஆனால் ஸீலையும் பெல்ட்டையும் டென்ஷனரையும் மட்டும் மாற்றி டயாஃப்ரத்தை விட்டிருந்தால் புது ஸீலும் அதே கதிக்குத்தான் போயிருக்கும்.

சரிசெய்தது

சில எஞ்சின்களுக்கு டயாஃப்ரம் மட்டும் தனியாகக் கிடைக்கிறது. மூடியை நெம்பி எடுத்து மாற்ற வேண்டும். இந்தக் கவரின் மூடி பிளாஸ்டிக்கோடு ஒட்டி வார்த்தது, நெம்பினால் விளிம்பு உடைந்து புதிதாக ஓர் ஓட்டை உண்டாகும். அதனால் வால்வு கவரையே மாற்றினோம். பழையதை எடுத்ததும் மூடியை உடைத்துப் பார்த்தேன். ரப்பரின் மடிப்பில் கால்வட்டத்துக்குக் கிழிசல், மீதி இடமும் மடக்கினால் வெடிக்கிற அளவுக்கு இறுகிப்போயிருந்தது.

கவர் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, கையேடு சொல்லும் வரிசையில் முறுக்க வேண்டும். பிளாஸ்டிக் கவர் என்பதால் டார்க் (முறுக்கும் விசை) மிகக் குறைவாகவே இருக்கும், அளக்காமல் கைக்கணக்கில் இறுக்கினால் கவர் வளையும். டைமிங் கவரும் ஹெட்டும் சேரும் இரண்டு மூலைகளில் சீலன்ட் ஒரு பொட்டு வைக்காமல் விட்டால் அங்கிருந்து எண்ணெய் கசியும்.

முன் ஆயில் ஸீல், டென்ஷனர், பெல்ட் மூன்றும் புதிது. எல்லாப் புல்லிகளின் பள்ளங்களையும் பிரஷ் போட்டுத் துடைத்தாகிவிட்டது, பழைய பிசுக்கு மேல் புது பெல்ட் போட்டுப் பயனில்லை. கிராங்க் புல்லி போல்ட்டைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது என்று இந்த எஞ்சினின் கையேடு சொல்கிறது, அதனால் அதுவும் புதிது. த்ராட்டில் பாடிக்குள் எண்ணெய்ப் படலம் கறுப்பாகப் படிந்திருந்ததைத் துடைத்துவிட்டு, ஐடில் ரீலேர்னும் (கம்ப்யூட்டருக்கு ஐடிலிங் அளவைத் திரும்பக் கற்றுக் கொடுப்பது) செய்தோம்.

ஒரு சின்ன விஷயம், பலர் மறந்துவிடுவது. பழைய நீண்டகால ட்ரிம்மை அழிக்காமல் ஸ்டார்ட் செய்தால், ஓட்டை அடைபட்டது கம்ப்யூட்டருக்கு உடனே தெரியாது. திரும்பக் கற்கும்வரை +17-ஐ ஊற்றிக்கொண்டிருக்கும், எஞ்சின் பெட்ரோல் நாற்றத்தோடு இருமும், வேலை சரியில்லை என்று வண்டிக்காரர் பயந்துபோவார். கற்ற அளவுகளை அழித்துவிட்டுத் தொடங்குவதே நல்லது.

சூடான ஐடிலிங்கில் மொத்த ட்ரிம் +3-க்குள் வந்து நின்றது. ஏர் ஃப்ளோ 2.2 கிராம். ஆர்.பி.எம். 740-லிருந்து 760-க்குள். ஆயில் மூடி ஒரு விரலில் கழன்றது. இரண்டு கீச்சொலியும் இல்லை.

மிச்சமிருந்த ஓர் ஆட்டம்

பார்க்கிங்கில் அமைதியாக இருந்த வண்டி, பிரேக்கில் கால் வைத்து டிரைவ் கியரில் போட்டதும், அதிலும் ஏ.சி. போட்டதும், ஸ்டீயரிங்கில் லேசான நடுக்கம் காட்டியது. இங்கே மறுபடியும் இன்ஜெக்டர், காயில் என்று பின்னால் போக வேண்டியதில்லை. ட்ரிம் சரியாக இருக்கிறது, மிஸ்ஸிங் கணக்கு நான்கு சிலிண்டரிலும் பூஜ்யம். எரிதல் சரியாக நடக்கும் எஞ்சின் நடுங்குகிறது என்றால், நடுக்கம் எப்போதும் இருப்பதுதான், அதைத் தாங்க வேண்டியது தாங்கவில்லை. பானெட்டைத் திறந்து வைத்து, முன்னால் ஆள் யாரும் நிற்காமல் பக்கவாட்டிலிருந்து பார்க்கச் சொல்லி, பிரேக்கை அழுத்திப் பிடித்து டிரைவுக்கும் ரிவர்ஸுக்கும் மாற்றினால் எஞ்சின் வலப்பக்கம் துள்ளி இறங்குவது தெரிந்தது. அந்தப் பக்கத்து எஞ்சின் மவுண்ட் திரவம் நிரப்பிய வகை, அடியில் திரவம் ஒழுகிக் காய்ந்த கறையும் இருந்தது. மவுண்ட் மாற்றியதும் நடுக்கம் போய்விட்டது. கலவை மெலிவால் வந்த உதறல் பெரிதாக இருந்தவரை இந்தச் சின்ன நடுக்கம் அதற்கடியில் ஒளிந்திருந்தது.

வாங்கும்போதே தெரிந்திருக்குமா?

பெரும்பகுதி தெரிந்திருக்கும். முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய், பானெட்டில் கை வைத்துப் பார்த்து, ஆறின எஞ்சினைத் தானே ஸ்டார்ட் செய்திருந்தால் பெல்ட் காட்டிக் கொடுத்திருக்கும். சாதாரண ஓ.பி.டி. ஸ்கேனர் ஒன்று கையில் இருந்தால் ஐடிலிங்கிலும் 2,500-லும் ட்ரிம் பார்க்க ஐந்து நிமிடம் போதும். அதைவிட முக்கியம் மானிட்டர்கள். அவை முடியாமல் கிடந்து, கோடு அழித்த பிறகான தூரமும் குறைவாக இருந்தால், பேட்டரி மாற்றினோம் என்று விற்பவர் சொல்லக்கூடும். உண்மையாகவும் இருக்கலாம். இன்னும் கொஞ்சம் ஓட்டிவிட்டுத் திரும்பக் காட்டுங்கள் என்று கேட்பதில் தப்பில்லை. அதோடு ஓடும் எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்து பார்ப்பது. சூடான எண்ணெய் தெறிக்கலாம் என்பதால் துணி சுற்றிய கையோடு.

பின் ஆயில் ஸீலையும் பார்த்தேன். கியர்பாக்ஸ் சேரும் இடத்தில் மெல்லிய ஈரம், சொட்டு இல்லை. அதை மாற்ற கியர்பாக்ஸை இறக்க வேண்டும். உறிஞ்சல் இப்போது சாதாரண அளவில் இருப்பதால் கசிவு அதிகமாகாமல் நிற்கக்கூடும் என்று சொல்லி, இடத்தைத் துடைத்துச் சுத்தம் செய்து புகைப்படம் எடுத்து அவர் போனுக்கு அனுப்பினேன். அடுத்த ஆயில் மாற்றும்போது அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சொட்டு விழுகிறதென்றால் மட்டும் கியர்பாக்ஸை இறக்குவதாகப் பேசி வைத்திருக்கிறோம்.